ஒரு கீழாநெல்லிக் கட்டும் 6 கோடிப் பக்கமும்: பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி, ஒரு தாவரவியல் ஆசிரியையின் விமர்சனம்

மாம்பலம் ரயில் நிலையத்தை விட்டு ரங்கநாதன் தெருப் பக்கம் வெளியே வந்தால், படிக்கட்டு ஓரத்தில் ஒரு அம்மா மூலிகை வைத்து விற்றுக்கொண்டிருப்பார். தூதுவளை, முசுமுசுக்கை, கரிசலாங்கண்ணி, ஈரச்சாக்கு போர்த்திய கீழாநெல்லிக் கட்டுகள். போன ஐப்பசியில், மழை விட்ட ஒரு காலையில், என்னிடம் ஆய்வு செய்கிற பெண் அங்கே இரண்டு கட்டு வாங்கிக் கல்லூரிக்குக் கொண்டுவந்தாள். பிரித்து, செய்தித்தாளில் பரப்பி, லென்ஸை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் குனிந்தே இருந்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"மேம், ஒரே கட்டுல ரெண்டு செடி இருக்கு. ஒண்ணுல பூவுக்கு அஞ்சு இதழ். இன்னொண்ணுல ஆறு. இதுல எதைக் கீழாநெல்லின்னு எழுதறது?"

குனிந்து நானும் பார்த்தேன். கடுகில் பாதிகூட இல்லாத பூ. கொஞ்சம் தண்ணீர் விட்டு ஊசி நுனியால் விரித்தால்தான் இதழை எண்ண முடியும். அவள் சொன்னது சரி. அந்தக் கேள்விக்குப் பதில் தேடி நாங்கள் இருவரும் மூன்று வாரம் உட்கார்ந்த இடம்தான் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி. பல வருடமாக அதைப் பயன்படுத்துகிறேன். தமிழில் இதைப் பற்றி யாராவது விரிவாக எழுதினால் மாணவர்களுக்கு உதவுமே என்று காத்திருந்தேன். சரி, நாமே எழுதிவிடுவோம் என்று இப்போது உட்கார்ந்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. லண்டன் நேச்சுரல் ஹிஸ்டரி மியூசியம், கியூ தோட்டம், மிசூரி தாவரவியல் தோட்டம், ஸ்மித்சோனியன், ஹார்வர்டு போன்ற இடங்களின் நூலகங்கள் 2006இல் ஒன்றுசேர்ந்து, தங்கள் அலமாரிகளில் இருந்த பழைய இயற்கை வரலாற்று நூல்களையும் ஆய்விதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்க ஆரம்பித்தன. இன்று 6 கோடிப் பக்கங்களுக்கு மேல் இருக்கிறது. காசு கிடையாது. பதிவு செய்ய வேண்டியதில்லை. எந்த நாட்டில் இருக்கிறாய், எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்பதில்லை.

பழைய புத்தகத்துக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று என் தம்பியே கேட்டிருக்கிறான். அவன் கம்ப்யூட்டர்காரன், அவன் துறையில் பத்து வருடப் புத்தகம் பழைய பேப்பர் கடைக்குப் போய்விடும். எங்கள் துறை அப்படி இல்லை. செடிகளின் பெயருக்குக் கணக்கு 1753இல் லின்னேயஸ் எழுதிய ஸ்பீசிஸ் பிளான்டாரம் நூலிலிருந்து தொடங்குகிறது. விலங்குகளுக்கு அவருடைய இன்னொரு நூலின் பத்தாம் பதிப்பு, 1758. அதற்குப் பிறகு முறைப்படி யார் முதலில் பெயர் வைத்தாரோ அவர் வைத்த பெயரே செல்லும். ஆகவே ஒரு செடியைப் புதிது என்று சொல்லவோ, பழைய பெயர் தவறு என்று சொல்லவோ, 270 வருடத்தில் உலகத்தில் எந்த மொழியில் யார் என்ன எழுதினார்கள் என்று பார்த்தாக வேண்டும். 1827இல் கோபன்ஹேகனில் அச்சான ஒரு பக்கம் எங்களுக்கு இன்றும் நடப்பில் உள்ள பத்திரம். மூலப்பத்திரம் பார்க்காமல் யாராவது மனை வாங்குவார்களா?

கீழாநெல்லிக்கு வருகிறேன். நான் படித்த காலத்தில் பாடப்புத்தகத்தில் அதன் பெயர் ஃபில்லாந்தஸ் நிரூரி. என் ஆசிரியர் அப்படித்தான் சொன்னார், நானும் பல வருடம் அப்படியே சொல்லிக்கொடுத்தேன். 1887இல் வந்த ஹூக்கரின் ஃப்ளோரா ஆஃப் பிரிட்டிஷ் இந்தியா ஐந்தாம் தொகுதியிலும் அந்தப் பெயர்தான். அதை வைத்துத்தான் இந்தியா முழுக்க எல்லோரும் எழுதினார்கள். ஆனால் நிரூரி என்று லின்னேயஸ் பெயரிட்ட செடி அமெரிக்கக் கண்டத்துச் செடி. நம் ஊரில் அது இல்லை. நம் ஊரில் நிரூரி என்று எழுதிவந்தது மூன்று வேறு செடிகளின் கலவை என்று 1985இல் மித்ராவும் எஸ்.கே. ஜெயினும் எழுதிக் காட்டினார்கள்: அமாரஸ், டெபிலிஸ், ஃப்ராடெர்னஸ். இதில் அமாரஸுக்குத்தான் இதழ் ஐந்து. மற்ற இரண்டுக்கும் ஆறு.

இதைச் சொல்லி முடித்துவிட்டிருக்கலாம். மாணவி விடவில்லை. "அவங்க சொன்னதை நாம எப்படி நம்பறது மேம், மூலத்தைப் பார்க்கலாமே" என்றாள். நல்ல மாணவி. பார்த்தோம்.

முதலில் ஸ்பீசிஸ் பிளான்டாரம், பக்கம் 981. நிரூரி அங்கே இருக்கிறது. அடுத்த பக்கம் திருப்பினால், 982இல், நம் வீட்டு ஊறுகாய் நெல்லிக்காய் மரம், ஃபில்லாந்தஸ் எம்ப்ளிகா. அதே பக்கத்தில் ஃபில்லாந்தஸ் மதராஸ்படென்சிஸ், நாம் மேலாநெல்லி என்று சொல்வது. மதராஸ்பட்டினத்துச் செடி என்று 1753இல் ஸ்வீடன்காரர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார்! சளிக்கு நாம் அடை தட்டுகிற முசுமுசுக்கைக்கும் அதே நூலில் அவர் வைத்த பெயர் குகுமிஸ் மதராஸ்படானஸ். இடையில் வேறு பேரினத்துக்குப் போய், சமீபத்தில் மறுபடியும் அதே பெயருக்குத் திரும்பி வந்துவிட்டது. வகுப்பில் இந்தப் பக்கத்தைத் திரையில் போட்டால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

பிறகு பின்னால் போனோம். ஹென்ட்ரிக் வான் ரீடே என்ற டச்சுக்காரரின் ஹோர்டஸ் மலபாரிகஸ், மலபார்ச் செடிகளைப் பற்றிய நூல், 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகள், இட்டி அச்சுதன் போன்ற வைத்தியர்கள் சொல்லச் சொல்ல எழுதியது. பத்தாம் தொகுதியில் ஒரு படம், பெயர் கிர்கனெலி. மலையாளக் கரையின் கீழார்நெல்லிதான் டச்சுக்காரர் காதில் அப்படி விழுந்திருக்கிறது. மாணவி அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தாள். பிறகு வந்த தாவரவியலாளர்கள் இந்தப் படத்தை நிரூரியோடு சேர்த்துப் படித்ததில்தான் முடிச்சு விழுந்தது.

அடுத்து டெபிலிஸ். 1805இல் பெர்லினில் வில்டெனோ வெளியிட்ட பெயர். ஆனால் அவர் பெயருக்கு முன்னால் இன்னொரு பெயர் இருக்கிறது: க்ளைன். தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனின் மருத்துவராக இருந்து, கடற்கரைப் பக்கத்துச் செடிகளைச் சேர்த்து ஐரோப்பாவுக்கு அனுப்பியவர். நம் சோழமண்டலக் கரையின் செடி, பெர்லின் புத்தகத்தில்.

அமாரஸ்தான் என்னை அசத்தியது. ஷூமாக்கரும் தான்னிங்கும் 1827இல் வைத்த பெயர், பக்கம் 421. நூல் கினியாக் கரையோரச் செடிகளைப் பற்றியது. தான்னிங் மேற்கு ஆப்பிரிக்காவில் சேகரித்த செடி அது. அமாரஸ் என்றால் கசப்பு. மென்று பார்த்தவருக்குப் பொருத்தம் தெரியும். மாம்பலம் படிக்கட்டில் விற்கிற செடியின் சரியான பெயர், ஆப்பிரிக்காவைப் பற்றி டென்மார்க்கில் அச்சான ஒரு புத்தகத்தில் இருக்கிறது. இந்தப் புத்தகத்தின் தாள் பிரதியைத் தேடி நான் எங்கே போயிருப்பேன்? கோபன்ஹேகனுக்கா?

இதில் பெயர்ச் சண்டையைத் தாண்டிய விஷயம் ஒன்று உண்டு, அதுவும் நம் ஊர் விஷயம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் எஸ்.பி. தியாகராஜனும் உடன் இருந்தவர்களும் மஞ்சள் காமாலை வைரஸ் மேல் கீழாநெல்லியைச் சோதித்தார்கள். 1982இல் வந்த கட்டுரையில் செடியின் பெயர் நிரூரி. 1988இல் லான்செட் இதழில் வந்த கட்டுரையில் அமாரஸ். நோபல் பரிசு வாங்கிய ப்ளம்பெர்க்கும் அதில் ஒரு ஆசிரியர். ஹெபடைடிஸ் பி கிருமியைத் தாங்கியிருந்தவர்களில் கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு அதன் அடையாளம் ரத்தத்தில் மறைந்தது, மருந்தில்லாத வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அதே பலன் வரவில்லை. அதனால் யாரும் டாக்டரை விட்டுவிட்டுக் கீழாநெல்லியை நம்பி இருக்க வேண்டாம், இதை அழுத்தியே சொல்கிறேன். நான் சொல்ல வருவது வேறு. ஒரு ஊரில் பலன் தந்த செடி இன்னொரு ஊரில் தரவில்லை என்றால் முதல் கேள்வி, இரண்டு இடத்திலும் அது ஒரே செடிதானா என்பது. கட்டுக்குள் இரண்டு இனம் கலந்து கிடக்கும்போது, பெயர் எழுதாத மருந்து எப்படி ஆய்வாகும்?

இப்போது தளத்தைப் பற்றி. மேலே ஒரு தேடல் பெட்டி இருக்கிறது. புத்தகப் பெயர், ஆசிரியர், அறிவியல் பெயர், எதைக் கொடுத்தாலும் தேடும். இதன் உயிர்நாடி அறிவியல் பெயர்த் தேடல். ஸ்கேன் செய்த பக்கங்களை இயந்திரம் எழுத்தாகப் படித்து, அதில் செடி விலங்குப் பெயர் போலத் தெரிகிறவற்றைத் தனியாகப் பொறுக்கி வைத்திருக்கிறது. ஒரு பெயரைச் சொடுக்கினால் அந்தப் பெயர் எந்தெந்த நூலில் எந்தெந்தப் பக்கத்தில் வருகிறது என்று வரிசையாகக் கொட்டும். ஒரு பக்கத்தைத் திறந்தால் அந்தப் பக்கத்தில் உள்ள பெயர்களும் ஓரத்தில் தெரியும். முன்பெல்லாம் ஒரு ஆய்வு மாணவருக்கு இந்த வேலை ஒரு வருடம் பிடிக்கும்.

ஆனால் இயந்திரத்தை முழுக்க நம்பிவிடக் கூடாது. 18ஆம் நூற்றாண்டு அச்சில் எஸ் எழுத்து நீளமாக, எஃப் போலவே இருக்கும். இயந்திரம் அதை எஃப் என்றே படித்துவிடும். வரி ஓரத்தில் உடைந்த பெயர், சாய்வெழுத்து, தாளில் பழுப்புக் கறை, எல்லாமே அதைக் குழப்பும். தேடலில் வரவில்லை என்றால் நூலில் இல்லை என்று பொருள் கிடையாது. என் மாணவர்களுக்கு நான் சொல்லும் வழி இது: முதலில் ஐபிஎன்ஐ என்ற தாவரப் பெயர்ப் பட்டியலுக்குப் போங்கள், அங்கே நூல், தொகுதி, பக்கம், ஆண்டு எல்லாம் இருக்கும். பல பெயர்களுக்கு இந்த நூலகத்தின் அதே பக்கத்துக்கு நேரே இணைப்பும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தைக் கண்ணால் படியுங்கள். அமாரஸை நாங்கள் இப்படித்தான் எடுத்தோம்.

தமிழ்ப் பெயரை வைத்துத் தேடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்தக் காலத்து ஆசிரியர்கள் நம் பெயர்களை ஆங்கில எழுத்தில், தங்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். ழகரம் ஒவ்வொருவர் கையிலும் ஒவ்வொரு மாதிரி வரும். மீனுக்கு ஃபிரான்சிஸ் டே, பறவைக்கு ஜெர்டான், இருவருமே தமிழ்ப் பெயர்களைக் குறித்திருக்கிறார்கள். அவற்றைப் பிடிக்க வேண்டுமானால் பொறுமையாகப் பக்கம் பக்கமாகப் போக வேண்டும். மீன் பெயர் சேகரிக்கிற என் தோழி ஒருத்தி காசிமேட்டில் கேட்ட பெயர்களை டேயின் நூலில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறாள்.

வேண்டிய பக்கங்களை மட்டும் குறித்துப் பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். முழுத் தொகுதியை இறக்காதீர்கள், படங்கள் நிறைந்த நூல்கள் மிகப் பெரிதாக இருக்கும், மொபைல் டேட்டா ஒரே மூச்சில் போய்விடும். போனில் படிக்கலாம், ஆனால் லத்தீன் வர்ணனையை இதழ் எண்ணிக்கையோடு ஒப்பிட வேண்டும் என்றால் பெரிய திரை இருந்தால் நல்லது. படங்களைத் தனியாக நல்ல தரத்தில் எடுக்கலாம்.

படங்கள் என்றதும் என்னால் இதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. ராபர்ட் வைட்டின் ஐகோனஸ் என்ற நூல், 6 தொகுதி, 2,101 படங்கள், 1853இல் முடிந்தது. சென்னையிலேயே அச்சானது. ஏதாவது ஒரு படத்தைத் திறந்து, அடிப்பக்க ஓரத்துக்குப் பெரிதாக்கிக்கொண்டே போங்கள். ஒரு இலை திரை முழுக்க நிறையும். நரம்புக்குள் நரம்பு ஓடும். அறுத்த சூலகத்தின் உள்ளே விதை எப்படி ஒட்டியிருக்கிறது என்பதைக்கூடப் பக்கத்தில் தனியாகப் போட்டிருப்பார்கள். அப்புறம் கீழே, பொடி எழுத்தில், ரங்கையா வரைந்தது என்று ஆங்கில எழுத்தில் இருக்கும். பிந்திய படங்களில் கோவிந்து. நம் ஊர் ஓவியர்கள் இருவர். முதன்முதலில் அந்தப் பெயரைப் பார்த்த அன்று இரவு நான் தூங்கவில்லை, நூறு படமாவது திறந்து திறந்து கையெழுத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். கோவிந்துவை மதித்து வைட் ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்கே அவர் பெயரை வைத்தார், 1853இல். இன்று அந்தப் பேரினம் டிராபிடியாவுக்குள் அடங்கிவிட்டது, ஆனாலும் பெயர்ப் பட்டியலில் கோவிந்து இருக்கிறார். இந்தப் படங்களை வைத்துத்தான் நான் இப்போது படம் வரையச் சொல்லிக்கொடுக்கிறேன். லித்தோகிராஃப் என்ற கல்லச்சுப் படம், கறுப்பு வெள்ளைதான். என் மாணவர்கள் அதைப் பார்த்து நோட்டில் வரையும்போது, பூவின் பாகங்களை விட்டுவிடாமல் எண்ணுகிறார்கள்.

குறை என்று சொன்னால் ஒன்றுதான் பெரியது. காப்புரிமை. அமெரிக்கச் சட்டப்படி அச்சாகி 95 வருடம் தாண்டியவை தாராளமாகக் கிடைக்கும். அதற்குப் பிந்தியவை உரிமையாளர் அனுமதி கொடுத்தால்தான். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்விதழ் போன்றவை அப்படி அனுமதியோடு வந்திருக்கின்றன, அதற்குக் கைகூப்ப வேண்டும். ஆனால் சுதந்திரத்துக்குப் பின் இந்தியாவில் நடந்த வேலைக்கு இந்த ஒரு தளம் போதாது. லான்செட் கட்டுரை 1988, அதற்கு வேறு இடம்தான் போக வேண்டும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: புத்தகம் வந்துவிட்டது, செடி வரவில்லை. காய்ந்த மாதிரிச் செடியோடு ஒப்பிடாமல் எந்த முடிவும் நிற்காது. அதற்கு நாங்கள் கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்குப் போகத்தான் போகிறோம்.

நான் ஆராய்ச்சி செய்தது 1990களில். ஒரு மூல வர்ணனை வேண்டும் என்றால் லண்டனுக்கு அஞ்சலட்டை போட வேண்டும். யாராவது இரக்கப்பட்டு ஜெராக்ஸ் அனுப்பினால் மூன்று மாதத்தில் வரும். ஒருமுறை இந்த நகரத்தில் ஒரு பெரிய நூலகத்தில் ஒரு பழைய தொகுதி இருக்கிறது என்று கேள்விப்பட்டுத் துறைத்தலைவர் கடிதத்தோடு போனேன். கடிதத்தில் முத்திரை தெளிவாக விழவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். மறுபடியும் போனேன், பொறுப்பாளர் விடுப்பு. மூன்றாவது தடவை புத்தகம் கைக்கு வந்தது, எனக்கு வேண்டிய நான்கு பக்கத்தை யாரோ பிளேடு வைத்து அறுத்து எடுத்திருந்தார்கள். அந்த வாசலில் நின்று அழுதேன். என் ஆய்வேட்டில் அந்த ஒரு செடிக்கு நேரே "மூலம் பார்க்கப்படவில்லை" என்று எழுதவேண்டி வந்தது. இந்தத் தளத்தில் நான் முதன்முதலில் தேடிப் போனது அந்த நான்கு பக்கத்தைத்தான். அறுபடாமல் முழுசாக இருந்தது.

ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டால் ஐந்தும் கொடுப்பேன். சித்த மருத்துவம் படிக்கிறவர்கள், கல்லூரியில் தாவரவியல், விலங்கியல் படிக்கிறவர்கள், பள்ளிக்கரணையில் ஞாயிற்றுக்கிழமை பறவை பார்க்கப் போகிறவர்கள், பூ வரையக் கற்கிற குழந்தைகள் எல்லோரும் ஒருமுறை திறந்து பாருங்கள். உங்கள் வாசலில் முளைக்கிற ஒரு செடியின் அறிவியல் பெயரைக் கொடுத்து, அதை முதலில் எழுதியவர் யார் என்று தேடிப் பாருங்கள்.

எங்கள் கட்டில் இருந்த இரண்டில், ஐந்து இதழ் உள்ளது அமாரஸ். இலைக் கக்கத்தில் ஆண் பூவும் பெண் பூவும் ஜோடியாக இருந்தது, 1827 பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஆறு இதழ் உள்ளதை டெபிலிஸ் என்று நினைக்கிறோம். இலை ஒடுங்கிக் கூராக இருக்கிறது, ஆண் பூ கிளையின் அடிப்பகுதியிலேயே இருக்கிறது. ஆனால் எங்களிடம் அதில் இருந்தது நான்கே செடி, அதிலும் இரண்டு வாடிவிட்டது.

படிக்கட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னோம். கட்டைப் பிரித்துப் பார்த்தார். "இது ஆத்தங்கரைப் பக்கம் பறிச்சது டீச்சர், இது ரயில் லைன் ஓரம். ரெண்டுக்கும் இலை வேறதான், எனக்குத் தெரியும். காய் அடியில தொங்குதுல்ல, அதான் ஒண்ணாக் கட்டிட்டேன்" என்றார். இனிமேல் தனித்தனியாகக் கட்டிக் கொடுப்பதாகவும் சொல்லியிருக்கிறார். சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு வரச் சொன்னார், மாணவியும் நானும் போகிறோம்.